முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வந்தவர்கள்

ஈச்சநாடு என்று ஒரு நாடு இருந்ததாம். எங்கே இருந்தது என்று தேடிப் போகாதீர்கள். தேடிப் போனவர்கள் எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பி வந்தார்கள், அவ்வளவு சின்ன நாடு. கிழக்கு எல்லையில் ரயில் கூவினால் மேற்கு எல்லையில் கேட்டைச் சாத்துவார்கள்.

அந்த நாட்டில் விளைவது தேங்காய். விற்பது தேங்காய். சண்டை வந்தால் எறிவதும் தேங்காய். தேங்காய் விலை ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று யோசித்து அரசாங்கத்துக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத் தொடங்கினார்கள், தேசியப் பொருளாதாரக் கொள்கை யோசனை மையம். முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊரில் எல்லாரும் யோசனை மையம் என்றே சொன்னார்கள். பன்னிரண்டு பேர் அங்கே உட்கார்ந்து யோசித்தார்கள். அவர்களுக்குத் தலைமை, இயக்குநர் அம்பலவாணி.

மையத்துக்கு ஐந்து வருஷமாக உதவி செய்தது வடகடல் நாடு. இடிந்து கிடந்த ரேஷன் கோடவுனைச் சரிசெய்து கொடுத்தது அவர்கள்தான். கம்ப்யூட்டர், ஏசி, சுற்றுகிற நாற்காலி எல்லாம் அவர்கள் கொடுத்தது. ஐந்து வருஷம் முடிந்ததும் ஒரு கடிதம் போட்டார்கள். "எங்கள் உதவியால் பயன் உண்டா என்று மதிப்பிட ஒரு குழு வரும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கிடைத்தால் உதவி தொடரும். கிடைக்காவிட்டால் மையத்தை மூடிவிடலாம்."

மூடினால் கட்டிடத்தை எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார். அமைச்சரின் மச்சினர் குழைக்காதர். அவருக்கு அது கல்யாண மண்டபமாக வேண்டும். சனிக்கிழமை காலை முகூர்த்தத்துக்குத் தன் மகன் கல்யாணத்தையே அங்கே வைத்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார். இரண்டு தடவை வந்து அம்பலவாணியின் மேஜையை நகர்த்தச் சொல்லி, மணமேடை எங்கே வரும் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்.

அம்பலவாணி மூன்று வருஷமாக எழுதிய தேங்காய்த் திட்டம் முடிய இன்னும் இரண்டே மாதம். அது வரைக்கும் கட்டிடம் கையில் இருக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு வேறு கவலையே இல்லை.

சரி, மதிப்பிட யாரை அனுப்புவது? "மையத்தைப் பற்றி முன்கூட்டியே எந்த அபிப்பிராயமும் இல்லாதவர்கள் வேண்டும்" என்று வடகடல்காரர்கள் கேட்டிருந்தார்கள். நாடு முழுக்கத் தேடினார்கள். எந்த அபிப்பிராயமும் இல்லாதவர்கள் கத்திரிமேடு என்ற ஊரில்தான் கிடைத்தார்கள். அவர்களுக்கு எதைப் பற்றியும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஜீப்பில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். குழுத் தலைவர் குற்றாலிங்கம். அவர் மச்சினன் பூச்சிக்கண்ணு. இருவருக்கும் மூத்தவர் நல்லமங்கை அக்கா. படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் விதிமுறைக் கடிதம் அவர் இடுப்பில் இருந்தது.

"முதல் விதி என்னக்கா?" என்றார் குற்றாலிங்கம்.

நல்லமங்கை பிரித்துப் படித்தார். "ஆளாளுக்குத் தனியாக் கேள்வி கேக்கணும். கேக்கும்போது இயக்குநர் பக்கத்துல இருக்கக் கூடாது. இருந்தா பயந்துகிட்டு உண்மையைச் சொல்ல மாட்டாங்க."

"நியாயந்தான். முதல்ல யாரைக் கேக்குறது?"

"பெரியவங்கள்ல இருந்து தொடங்குவோம். இயக்குநரைக் கேப்போம்."

அம்பலவாணி உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். கையில் நாற்பது பக்கம் குறிப்பு.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது" என்றார் குற்றாலிங்கம். "இயக்குநரைக் கேள்வி கேக்கப் போறோம். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான்தானே இயக்குநர்?"

"அதனாலதாம்மா சொல்றோம். நீங்க பக்கத்துல இருந்தா இயக்குநர் மனசு விட்டுப் பேச மாட்டாங்க."

அம்பலவாணி வாதாடினார். நல்லமங்கை கடிதத்தைக் காட்டினார். எழுத்தில் இருந்தது. என்ன செய்ய? அம்மாள் வெளியே போனார், கதவு சாத்தப்பட்டது.

குற்றாலிங்கம் காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "உதவியால பயன் உண்டாங்க?"

நாற்காலி சும்மா இருந்தது. ஏசிக் காற்றில் மட்டும் லேசாக ஒரு பக்கம் திரும்பியது.

"முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க அத்தான்" என்றான் பூச்சிக்கண்ணு.

"மெதுவாப் பேசு மாப்ள. சங்கடமான கேள்வி போல இருக்கு. அம்மா, அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க."

சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்தார்கள். கடைசியில் நல்லமங்கை எழுதிக்கொண்டார்: 'இயக்குநர் ஒத்துழைக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை.'

மற்றவர்களைக் கேட்க இன்னொரு விதி இருந்தது. யாரைக் கேட்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது.

"அப்போ யாரையும் விட்டுடக் கூடாது" என்றார் குற்றாலிங்கம். "நம்ம மூணு பேரையும் சேர்த்துப் போடுங்க. நம்மள மட்டும் ஒதுக்கினா அது ஓரவஞ்சனை."

குலுக்கினார்கள். பூச்சிக்கண்ணு பெயர் வந்தது.

அவனைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள்.

"மையத்தோட பொருளாதாரக் கொள்கை பத்தி உங்க கருத்து என்ன?" என்றார் குற்றாலிங்கம். மச்சினன்தான் என்றாலும் விசாரணை விசாரணைதானே, பன்மையிலேயே கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தான்."

"உறவைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. ஐந்து வருஷமா இங்க என்ன மாற்றம் பார்க்குறீங்க?"

"நான் நேத்துத்தான் வந்தேன்."

குற்றாலிங்கம் அக்கா காதருகே குனிந்தார். "ஆளு எதையோ மறைக்கிறான்."

செவ்வாய்க்கிழமை முழுதும் பூச்சிக்கண்ணுவை விசாரித்தார்கள். பாவம், மாலையில் அவனே ஒத்துக்கொண்டான், எதையோ மறைப்பதாக. எதை என்றுதான் அவனுக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை ஒப்பீடு. உதவி கிடைத்த இடத்தை, உதவி கிடைக்காத அதே மாதிரியான இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது கடிதம். எதிரிலேயே டீக்கடை இருந்தது. அங்கேயும் பெஞ்சில் பன்னிரண்டு பேர். அங்கேயும் பேச்சு தேங்காய் விலை. வடகடல் நாடு ஒரு வடைகூட அவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? போய் உட்கார்ந்தார்கள். மையம் மூன்று வருஷமாக எடுக்காத முடிவை டீக்கடை காலை ஒன்பது மணிக்கு எடுத்தது. ஒன்பதரைக்கு மாற்றியது. பத்துக்கு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். 'டீக்கடையில் வேகம் அதிகம்' என்று நல்லமங்கை எழுதினார்.

வியாழக்கிழமை காலை அம்பலவாணிக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு அஞ்சு மணிக்கு அறிக்கை போகணும். ஒரு வரியாவது எழுதினீங்களா?"

"அதுக்குத்தாம்மா கடைசி விதி இருக்கு" என்று நல்லமங்கை படித்தார். "உதவி வருவதற்கு முன் மையம் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது. இரண்டையும் நேரில் பார்த்து எழுதவும்."

மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

"பின்னாடி எப்படின்றது இருக்கட்டும்" என்றார் குற்றாலிங்கம். "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நேர்ல எப்படிப் பாக்குறது? நாம அப்போ வரலையே."

"என்கிட்ட போட்டோ இருக்கு" என்று அம்பலவாணி ஓடிப்போய் எடுத்து வந்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய படம். கூரையில் ஓட்டை, தரையில் சாக்கு, ஒரு பெட்டி, ஓர் ஆடு.

குற்றாலிங்கம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போட்டோல பாக்குறது. நேர்ல பாக்கணும்னு போட்டிருக்கு."

"அத்தான்," என்றான் பூச்சிக்கண்ணு, "இதே மாதிரி வச்சுட்டா நேர்ல பார்த்துறலாமே?"

குற்றாலிங்கம் அவனைக் கட்டிக்கொண்டார். "இதைத்தான்டா நேத்து முந்தாநாள் மறைச்சுக்கிட்டு இருந்தே!"

பிறகு வேலை நடந்தது பாருங்கள், கத்திரிமேட்டுக்காரர்கள் ஒரு வேலையை அத்தனை சுறுசுறுப்பாக அதுவரை செய்ததே இல்லை. கம்ப்யூட்டர்களைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். ஏசி போனது. நாற்காலிகளைத் தெருவில் உருட்டிக்கொண்டு போய் டீக்கடையில் விட்டார்கள். யோசித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் உதவி வந்த பிறகு சேர்ந்தவர்கள் என்று தெரிந்ததும் அவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "வேலைக்கு எடுக்கும்போது கடிதம் வரும், வாங்க" என்று நல்லமங்கை தைரியம் சொன்னார். பூச்சிக்கண்ணு கூரை மேல் ஏறி, படத்தைப் பார்த்து அதே இடத்தில் நாலு ஓட்டைப் பிரித்தான். பெயர்ப் பலகை இறங்கியது. 'ரேஷன் கோடவுன்' என்று சுண்ணாம்பில் எழுதினார்கள். பக்கத்துத் தெருவில் இருந்து ஆட்டையும் பிடித்து வந்தார்கள். படத்தில் இருந்த ஆடு கறுப்பு, கிடைத்தது வெள்ளை. அரைமணி நேரம் விவாதித்து, அடுப்புக்கரி பூசினார்கள்.

அம்பலவாணி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். "நான் போக மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மூவரும் வாசல் வழியாக முறைப்படி உள்ளே வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். நல்லமங்கை எழுதினார்: 'முன்பு: ஒன்றும் இல்லை. ஆடு உண்டு.'

மணி நாலே முக்கால்.

"இப்போ பின்பு எழுதுங்க!" என்றார் அம்பலவாணி. "நாலு நாளாப் பார்த்தீங்களே, கம்ப்யூட்டர், ஏசி, ஆளுங்க. அதை எழுதுங்க!"

குற்றாலிங்கம் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "முன்புக்குப் பின்னாடிதாம்மா பின்பு வரும். நாங்க முன்பை இன்னைக்குத்தான் பார்த்தோம். உதவி வந்து அஞ்சு வருஷம் ஆகணும்ல? நாங்க காத்திருக்கோம். எங்களால உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

அம்பலவாணி தரையில் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆடு அவர் நாற்பது பக்கக் குறிப்பைத் தின்னத் தொடங்கியது. அதைத் தடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

சரியாக ஐந்து மணிக்குத் தெருவில் மேளச் சத்தம். மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் குழைக்காதர் பட்டு அங்கவஸ்திரத்தோடு. பின்னால் மகன், பெண், இரண்டு வீட்டார், சமையல் பாத்திரங்கள் ஏற்றிய வண்டி.

"மணி அஞ்சு" என்றார் குழைக்காதர். "அறிக்கை போச்சா?"

"இல்ல" என்றார் குற்றாலிங்கம்.

"அப்போ சாவியைக் கொடுங்க."

"எதுக்குங்க?"

"அஞ்சு வருஷ உதவி முடிஞ்சுபோச்சு. மையத்தை மூடியாச்சு."

"உதவியே இன்னும் வரலையே ஐயா. உள்ள வந்து பாருங்க, எல்லாம் முன்பாத்தான் இருக்கு."

குழைக்காதர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. பலகையைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

"ஆமா... கோடவுனாத்தான் இருக்கு. ஒரு வாரம் முந்தி வந்தப்போ ஏசி ஓடுச்சே?"

"அதெல்லாம் அஞ்சு வருஷம் கழிச்சு ஓடும். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க" என்று நல்லமங்கை பரிவோடு சொன்னார்.

குழைக்காதர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அஞ்சு வருஷத்துக்கு முந்தின்னா, எங்க மச்சான் அமைச்சரே இல்லையே. சைக்கிள்ல தேங்காய் வித்துக்கிட்டு இருந்தாரு."

"அப்போ நீங்க யார் சொல்லிச் சாவி கேக்குறீங்க?" என்றான் பூச்சிக்கண்ணு.

அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. அங்கவஸ்திரத்தைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிருங்க. அவசரப்பட்டுட்டேன்."

பின்னால் இருந்தவர்களுக்கும் செய்தி பரவியது. நாதஸ்வரக்காரர் பாதி ராகத்தில் நிறுத்தினார். "அஞ்சு வருஷம் முந்தி நான் லாரியில கிளீனர்" என்று சொல்லி வாத்தியத்தை மெதுவாகக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தால் அவருக்கு வாசிக்கவும் வரவில்லை.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டு, "நீங்க யாருங்க?" என்றான்.

பெண் நாலு அடி தள்ளி நின்றாள். அப்பா காதில் கிசுகிசுத்தாள். "அப்பா, இந்த ஆளு பாக்க நல்லாத்தான் இருக்காரு. யாரு, என்னன்னு கொஞ்சம் விசாரிங்களேன்."

விசாரிக்கப் பெரியவர்கள் கலைந்து போனார்கள். தெரு காலியானது. கட்டிடம் பிழைத்தது. அம்பலவாணி எழுந்து சாவிக்கொத்தை முத்தமிட்டார். "இன்னும் அஞ்சு வருஷம்! என் திட்டத்தை முடிச்சிரலாம்!"

அப்போதுதான் குற்றாலிங்கம் அவரை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"ஐயோ, நான் இயக்குநர்!"

"இயக்குநரை இன்னும் வேலைக்கே எடுக்கலையேம்மா. விண்ணப்பம் போடவா வந்தீங்க? சாவியை இங்க வச்சுட்டு வெளிய பெஞ்சுல உட்காருங்க. பேர் சொல்லிக் கூப்பிடுவோம்."

எழுத்தில் இருக்கிறதா என்று அம்பலவாணி கேட்கக்கூட இல்லை. அவர்களிடம் எழுத்தில் இல்லாதது எதுவும் இல்லை என்று அவருக்குப் பழகிவிட்டிருந்தது. வெளியே போய்ப் பெஞ்சில் உட்காரப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர், தலையை வாரி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் விண்ணப்பம் எழுதி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தள்ளி உட்காரும்மா" என்றார் குழைக்காதர். "நான்தான் முதல்ல வந்தேன்."