மூன்றாம் சிலிண்டர்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் மயிலாத்தாளின் பட்டறை இருந்தது. அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்றுவந்த நாச்சிமுத்துவுக்கு நாற்பத்து நான்கு. தறி ஓட்டிய இடம் மூடிப்போக, வேறு எவரும் சேர்த்துக்கொள்ளாத வயதில் இங்கே வந்து சேர்ந்தவன். அவன் அவரை மாஸ்டர் என்றான். அவர் அவனை அண்ணா என்றார். யாருக்கு யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் சரி செய்தவர் இன்ஜின் மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் தன் பெயரை எழுத வேண்டும். அதே கோளாறோடு வண்டி திரும்பி வந்தால், எழுதியவரே அதை அழிக்க வேண்டும். ஒரே வண்டியில் மூன்று முறை அழித்தவர் ஸ்பேனரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படி யாரும் இதுவரை போனதில்லை.

தை மாதத்துக் காலை ஒன்றில், வீடாக மாற்றிய அந்த வண்டி மறுபடியும் வந்தது.

பழைய பெட்ரோல் வேன் அது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற கிருபாகரன், நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு, அந்த வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, மனைவி விமலாவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மார்கழியில் இருந்து கோத்தகிரியில் முகாம். நாச்சிமுத்துவிடம் தனியாக ஒப்படைக்கப்பட்ட முதல் வண்டியும் அதுதான். ஏற்கெனவே ஒரு முறை பெயர் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தான்.

வளைவில் அது திரும்பும் சத்தம் கேட்டதுமே அவன் கைவேலையை வைத்துவிட்டு எழுந்தான். நான்கு பேர் தூக்கி வரும் பல்லக்கில் ஒருவருக்கு மட்டும் கால் நொண்டினால் எப்படியோ, அப்படி ஓர் ஓட்டம். அதே மிஸ்ஸிங்; ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்காமல் தவறுகிறது.

பக்கத்து வண்டிக்கு அடியில் வேலையாக இருந்த இன்னொரு மெக்கானிக் சாதிக் ஒரு பழைய துணியை வெளியே நீட்டினான். "இந்தாங்கண்ணா. அழிக்கறதுக்குன்னே நல்ல காட்டனா பார்த்து எடுத்து வெச்சேன்."

அந்த வேனில் இன்ஜின் முன்பக்கம் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், ஒரு பெட்டி போன்ற மூடிக்குக் கீழே இருந்தது. நாச்சிமுத்து உள்ளே ஏறி மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்துத் தன் பெயரை அழித்தான். பெயர் போயிற்று. பெயரின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தீற்று மட்டும் துணிக்கு அசையவில்லை. போன முறை சந்தோஷத்தில் அழுத்தி எழுதிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

இது இரண்டாவது அழிப்பு. இனி ஒன்றுதான் பாக்கி.

மாஸ்டர் வண்டிப் படியில் வந்து நின்றார். நாச்சிமுத்து நிமிராமலே கேட்டான்.

"நான் சரி பண்ணினது நெசமுங்க மாஸ்டர். ரெண்டு தடவையும் மூணு கொண்டை ஊசி வளைவு ஏத்திப் பார்த்தேன். ஜம்முனு ஏறுச்சு. சரி பண்ணின வண்டி ஏனுங்க திரும்பி வருது?"

"சாப்ட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க. இறங்க மாட்டேங்குது."

"எனக்குப் பசிக்குது," என்றார் மாஸ்டர்.

விமலா அதற்குள் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. இங்கே வந்தவர் தாம்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டும் இல்லை. மாஸ்டர் கட்டிலில் சம்மணமிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினான். மூன்றாம் சிலிண்டர் என்றது. முதல் முறையும் அதைத்தான் சொன்னது. பிளக்கின் மேல் செருகி மின்சாரம் தரும் காயிலை மாற்றினான். இரண்டாம் முறையும் அதுதான். பிளக்கை மாற்றினான். இரண்டு முறையும் அந்தப் பிளக் இறங்கும் குழிக்குள் கொஞ்சம் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. பேட்டரி முனையில் பூக்கிறதே, அந்த மாதிரி ஏதோ என்று காற்றடித்து ஊதிவிட்டான்.

இப்போது காயிலும் புதிது, பிளக்கும் புதிது. மிச்சம் இருப்பது வால்வு. அப்படியானால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. அதிலும் தப்பினால் அவன் கதை முடிந்தது. பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

பின்னால் மாஸ்டர் இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவனுக்குக் கோபம் வந்தது. ஒருவன் பிழைப்பு ஊசலாடும்போது சட்னியா? மாஸ்டரோ, கோத்தகிரியில் குளிர் எப்படி, பனி விழுகிறதா, இவ்வளவு மெத்தென்று தோசை அங்கே எப்படி வருகிறது என்று விசாரித்தார். கீழே தன் வீட்டிலேயே தை மாதத்தில் மாவு கல்லாகக் கிடக்கிறது என்று குறைப்பட்டார்.

விமலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அதுல ஒரு சூட்சுமம் இருக்குல்லா. அங்க வெளிய வச்சா ரெண்டு நாளானாலும் பொங்காது. சாயங்காலம் எங்கயாவது போய்ட்டு வந்து இவங்க வண்டிய நிறுத்துனதும், சூடு ஆறதுக்கு முன்ன தூக்கி வச்சிருவேன். காலைல பாத்தா மூடியத் தள்ளிட்டு நிக்கும்."

"எங்கம்மா வைப்பீங்க?"

விமலா தோசைத் திருப்பியால் காட்டினார். அது நாச்சிமுத்து சாய்த்து வைத்திருந்த இன்ஜின் மூடியை நேராகக் காட்டியது.

நாச்சிமுத்துவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

மூடியைத் தன் பக்கம் திருப்பினான். அழியாத அந்த வெள்ளைத் தீற்று, பூட்டுக் கொக்கி மாட்டும் துளையில் தொடங்கி, உள்பக்கமாக வழிந்து இறங்கி, அவன் பெயரை உரசிக்கொண்டு போயிருந்தது. நகத்தால் சுரண்டினான். முகர்ந்தான். நம்பிக்கை வராமல் நாக்கில் வைத்தான்.

புளிப்பு. அப்புறம் உப்பு.

மூடியை அதன் இடத்தில் பொருத்திப் பார்த்துத் திரும்பத் தூக்கினான். அந்தத் துளைக்கு நேர் கீழே இருந்தது மூன்றாம் சிலிண்டர். காயிலை உருவினான். அதன் ரப்பர் உறை சொதசொதவென்று வந்தது. இட்லிக் கடை அடுக்களையின் வாசம் பட்டறை வரை அடித்தது.

சாதிக் வண்டிக்கு அடியில் இருந்து தலையை நீட்டினான். "அண்ணா, அப்படியே ரெண்டு ஊத்தப்பம் சொல்லுங்க."

நாச்சிமுத்து சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. பிளக்கின் முனையில் குதிக்க வேண்டிய தீப்பொறி, ஈரமும் உப்புமான மாவு வழியாகப் பக்கத்து உலோகத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு முறையும் வண்டியைச் சரி செய்தது புதிய காயிலும் அல்ல, பிளக்கும் அல்ல. அவன் போகிறபோக்கில் ஊதிய காற்று. மலைக்குப் போனார்கள், மாவு வைத்தார்கள், அது பொங்கியது.

சிரிப்பு அடங்கியதும் கிருபாகரனிடம் போய் நின்றான். கழற்றிய பழைய காயிலில் கோளாறே இல்லை, நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன், அதைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். யாரும் கேட்காமல் தானே சொன்னான். சொல்லும்போது காது மடல் சூடாகியது.

பிறகு கைகள் பறந்தன. குழியைக் கழுவி, பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்துக் காய வைத்தான். காயிலுக்குப் புது உறை போட்டான். மூடியின் துளைக்கு ஒரு ரப்பர் வெட்டி அடைத்தான். சாவியைத் திருப்பினான்.

பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் ஒன்றாக நடந்தார்கள்.

கிருபாகரனைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று வளைவு இல்லை, ஐந்து வளைவு ஏறினான். ஜன்னலில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எந்த இடத்திலும் வண்டி ஒரு சொடக்குகூடத் தவறவில்லை. திரும்பி இறங்கி வரும்போது தன்னை அறியாமல் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

பட்டறைக்கு வந்ததும் விமலாவிடம் கண்டிப்பாகச் சொன்னான்: இன்ஜின் மூடியின்மேல் இனி மாவுப் பாத்திரம் கூடாது. ஒரு நாள்கூடக் கூடாது. விமலா சரி என்றார். மாவுச் சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து ரொட்டிதான் என்று கிருபாகரன் கேலி செய்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை. சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தான். சாதிக் அதை அவனிடம் தூக்கிப் போட்டான். இந்த முறை கேலி பேசவில்லை.

மாஸ்டர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையோடு படியில் வந்து நின்றார்.

நாச்சிமுத்து மூடியின் உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்தான். சாக்பீஸை அதில் ஊன்றிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி கேட்டான்.

"பேரு எழுதட்டுங்களா மாஸ்டர்? இனி வராது."

மாஸ்டர் வண்டிக்குள், மாவுச் சட்டியருகே உட்கார்ந்திருந்த விமலாவைப் பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரி அந்தம்மா மாவை எங்க வைப்பாங்கண்ணா?"

ஊன்றிய சாக்பீஸ் நகரவில்லை.