கண்ணாடிக்குள் ஒரு பங்காளி

ஒரு குளக்கரையில் வெண்புருவ வாலாட்டிக் குருவி ஒன்று தன் பெட்டையோடு குடியிருந்தது. அதற்கு அந்தக் குளம்தான் உலகம். ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து மஞ்சள் வாலாட்டிகள் வந்து இறங்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம். அதே நடை, அதே வாலாட்டல்.

அந்த வருடம் வந்த மஞ்சள் வாலாட்டி ஒன்று மதகடிச் சேற்றைப் பிடித்துக்கொண்டது. பூச்சிகள் அங்கேதான் அதிகம். மாசியில் அது ஓயாமல் தின்ன ஆரம்பித்தது. ஏன் இந்தத் தீனி என்று வெண்புருவம் விசாரித்தது. உடம்பில் கொழுப்பு ஏறினால்தான் பனிமலையைத் தாண்டி வீடு போய்ச் சேர முடியும் என்றது மஞ்சள்.

வெண்புருவத்துக்கு மனம் பொறுக்கவில்லை. தன் பெட்டை முட்டையிடும் காலம் நெருங்குகிறது. பொரியும் குஞ்சுகளுக்குப் பூச்சி வேண்டாமா?

வேலமரத்தடியில் உடைந்த முகக்கண்ணாடி ஒன்று சாய்ந்து கிடந்தது. வீட்டில் வைத்தால் ஆகாதென்று யாரோ கொண்டுவந்து போட்டது. அதில் தெரிந்த குருவியோடு வெண்புருவம் முன்பே ஒருநாள் மல்லுக்கு நின்று, அலகு நொந்து, விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தது.

"பங்காளி, வேலமரத்தடியில் ஒருத்தன் நிற்கிறான். மதகடி தன்னுடையதாம்" என்றது.

மஞ்சள் பறந்துபோய்ப் பார்த்தது. நிஜமாகவே ஒருத்தன்! இது வாலை ஆட்டினால் அவனும் ஆட்டினான். கொத்தினால் கொத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடினால் ஆளைக் காணோம்.

"விசித்திரமான ஆள். வாயைத் திறக்கிறான், குரலே வரவில்லை" என்றது மஞ்சள்.

"ஊமையாக இருப்பான். விட்டுவிடாதே."

மஞ்சள் விடவில்லை. விடிந்ததும் சண்டைக்குக் கிளம்பும். பொழுது சாய்ந்துதான் திரும்பும். மதகடியில் வெண்புருவம் நிதானமாகத் தின்றது.

பங்குனியில் வடக்கத்திக் கூட்டம் எழும்பியது. மஞ்சளும் எழும்பியது. பனைமர உயரம்கூடப் போக முடியாமல் கரையிலேயே வந்து விழுந்தது.

"முடியவில்லை, பங்காளி. அடுத்த கூட்டம் வந்து கிளம்பும்வரை இங்கேதான்" என்றது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது: "அவனும் போகவில்லை பார். பாவம், என்னைப் போலவே இளைத்துவிட்டான்."

சித்திரையில் குளம் சுருங்கியது. ஈரம் மிஞ்சியது மதகடியில் மட்டும்தான். வெண்புருவத்தின் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. அவற்றுக்கான பூச்சியில் பாதியை, சண்டையை விட்டுவிட்ட மஞ்சள் தின்றுகொண்டிருந்தது.

"அந்த விருந்தாளியை ஒரு மாசம் நிம்மதியாகத் தின்ன விட்டிருந்தால், இந்நேரம் மலையைத் தாண்டியிருப்பார்" என்றது பெட்டை.

வெண்புருவம் வெடித்த சேற்றில் அலகை விட்டுத் துழாவியது.

விருந்தாளியின் சோற்றைத் தட்டிப் பறிப்பவன், அவன் கிளம்பும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறான்.