பொடி தூவிய கை

முன்னொரு காலத்தில் மகரபூபதி என்றொரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். ஏன் கேட்டீர்கள் என்று விசாரணை வைத்துவிடுவார். அவ்வளவு சந்தேகம். பால் வந்தால் முதலில் பூனைக்கு வைப்பார். பூனை குடித்துவிட்டாலோ, அதற்கும் சமையல்காரனுக்கும் என்ன உறவு என்று யோசிப்பார்.

ஒருநாள் எண்ணெயின் மேலும் சந்தேகம் வந்தது. எண்ணெய்க் குளியலை அன்றோடு நிறுத்திவிட்டார். எண்ணெய் தேய்த்துவந்த காத்தானைச் சிம்மாசனத்தின் பின்னால் சாமரம் வீச வைத்தார். ராஜாவுக்கோ அடர்ந்த சுருட்டை முடி. ஆறு மாதம் எண்ணெய் காணாமல் அது சிலிர்த்துக்கொண்டு நின்றது. சீப்புப் போட்டால் சீப்பின் பல்தான் உடைந்தது.

பிறகு ஒரு காலையில் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில், தோள்பட்டை நெடுக வெள்ளைப் பொடி.

"விஷம்" என்றார் ராஜா.

மந்திரி அகோரம் இதற்குத்தான் காத்திருந்தார். காத்தானை விரட்டிவிட்டுத் தன் மைத்துனனை அரண்மனையில் நுழைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சபையின் விகடகவி வாஞ்சியப்பனைக் கண்டாலும் அவருக்கு ஆகாது.

"மகாராஜா, காத்தான் மடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவியதை என் இரு கண்களால் கண்டேன். அவனும் வாஞ்சியப்பனும் ஒரே ஊர்" என்றார்.

ராஜாவின் கண் வாஞ்சியப்பன் பக்கம் திரும்பியது. "உச்சிப்பொழுதுக்குள் பொடி தூவும் கையை இந்தச் சபையில் காட்டு. இல்லையேல் காத்தானோடு உன் தலையும் உருளும்."

"காட்டுகிறேன், மகாராஜா. தண்டனையை மட்டும் இப்போதே எழுதி முத்திரை இடுங்கள். ஆள் பெரிய இடம் என்று தெரிந்தால் மனம் மாறிவிடும்."

சபையில் ஒவ்வொருவரும் அடுத்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"சிரச்சேதம்" என்றார் அகோரம்.

"அது ஒரு நொடியில் முடிந்துவிடும், மந்திரியாரே. குற்றவாளியின் தலையில் நல்லெண்ணெய் வழியத் தேய்த்து, புளித்த தயிரில் அரைத்த வெந்தயத்தை அப்பி, சீயக்காய் கண்ணில் எரிய எரியக் குளிப்பாட்ட வேண்டும். வாரம் இருமுறை, ஒரு மண்டலம்."

ராஜாவுக்கு அந்தக் கொடுமை பிடித்துப்போயிற்று. முத்திரை விழுந்தது.

வாஞ்சியப்பன் சபை நடுவே கறுப்புக் கம்பளியை விரித்து, அதன்மேல் ராஜாவைக் கிரீடமின்றி உட்காரவைத்தான். மற்றவர்களைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். காத்தானை வாசலில் நான்கு காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அரிக்கிற இடத்தில் சொறிந்துகொள்ளுங்கள், மகாராஜா."

காலையிலிருந்து அடக்கிவைத்த அரிப்பு. ராஜா பத்து விரலாலும் சொறிந்தார். கம்பளியில் உமி கொட்டியது போல் வெள்ளையாக உதிர்ந்தது.

"பொடி தூவிய கை அதுதான். பொடியின் பெயர் பொடுகு" என்றான் வாஞ்சியப்பன்.

ராஜா தன் கையைப் பார்த்தார். பிறகு அகோரத்தைப் பார்த்தார். "இரு கண்களால் கண்டாயே?"

அகோரம் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"மகாராஜாவுக்கு எண்ணெயில் சந்தேகம் உண்டல்லவா? ஒவ்வொரு முறையும் மந்திரியார் தலையில் முதலில் தேய்த்துப் பார்த்துவிடலாம்" என்றான் வாஞ்சியப்பன். ராஜா சம்மதித்தார்.

பிறகு காத்தானை அழைத்தார். "இது பொடுகு என்று உனக்குத் தெரியாதா?"

"தோளப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு, சாமி."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா, எதையோ மறைக்கிறான்னு நெனப்பீங்க. வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, சாமி."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. தானே முத்திரையிட்ட தண்டனையை ஏற்று, மணைப்பலகையில் அமர்ந்து தலையைக் குனிந்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த காத்தான் முதலில் அகோரத்தின் தலையில் தேய்த்துவிட்டு, ராஜாவின் தலையில் பயந்து பயந்து ஊற்றினான்; எண்ணெய் கழுத்துவரை வழிந்தது.

"நீ ஏன் பயப்படுகிறாய்? இப்போது என் தலைதான் உன் கையில் இருக்கிறது" என்றார் ராஜா. சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கழுத்து முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பனிடம் நீட்டினார். அதில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.