ராசியான கையும் நூலில்லாத ஓஸும்

சங்ககிரியில் லாரி கழுவும் பட்டறை வைத்திருந்த ரத்தினசபாபதி, தன்னைவிட அறிவாளி இன்னும் பிறக்கவில்லை என்று நம்பியவர். தண்ணீர் பீய்ச்சும் மோட்டாருக்குப் புது ரப்பர் ஓஸ் வாங்கி வந்தார். உள்ளே நூல் பின்னலே இல்லை, வெறும் ரப்பர்.

"மோட்டார் வேகத்துக்கு இது பலூனாட்டம் உப்பி வெடிச்சிருமுங்க. பின்னல் இருந்தாத்தான் இறுக்கிப் பிடிக்கும்," என்றாள் லாரி கழுவும் செங்கமலம்.

"ரப்பருக்குள்ள நூல் எதுக்கு, பூக்கட்டவா? வெடிச்சா நீ பிடிச்சது சரியில்லைன்னு அர்த்தம். அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிருவேன்!"

"சரிங்க முதலாளி."

மறுநாள் பூஜை. செங்கமலம் ஓஸுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க முதலாளியிடமே நீட்டினாள்.

"புதுச் சாமானை எப்பவும் உங்க ராசியான கைதானுங்களே முதல்ல தொடும்? எப்படிப் பிடிக்கோணும்னும் காட்டிக் குடுங்க. நான் மோட்டாரைப் போடறேன்."

முதலாளி பின்னால் நகர்ந்தார். "எனக்குத் தோள் வலி."

"அப்ப உங்க மாப்பிள்ளையைக் கூப்பிடட்டுங்களா?"

"ஐயையோ, அவரு வேண்டாம்! எம்பொண்ணு கதி என்னாகறது?"

லாரிக்காரர்கள் சிரித்து முடிப்பதற்குள் பின்னல் போட்ட ஓஸ் வந்துவிட்டது. நூலில்லாதது இப்போது முதலாளி வீட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிறது. குழாயைத் திறக்கும்போது மட்டும் அந்த அறிவாளி கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறார்.