சுடலியும் பனங்கொட்டைப் பாத்தியும்

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். உப்பளத்து ஓரத்துல ஒரு ஓலைக்குடிசை. அதுக்குள்ள சுடலின்னு ஒருத்தி, அவ புருஷன், மக பேச்சி. ம் சொல்லு மக்கா. சொன்னாத்தான் கதை நடக்கும்.

ம்.

வெயில் அடிக்கிற வரைக்கும் சுடலிக்கு வேலைக்குக் குறையில்ல. நாள் முழுக்க உப்பு வாருவா. மழை வந்துச்சோ, போச்சு. சோன்னு பெய்யும், உப்பு கரையும், வேலையும் கரைஞ்சிரும். தை மாசம் வெயில் ஏறுற வரைக்கும் அவங்கவங்க வயித்த அவங்கவங்கதான் பாத்துக்கணும். அந்த வருஷம் பாத்து அவ புருஷனுக்குக் கால்ல உப்புப் புண்ணு. எந்திரிச்சு நிக்க முடியல.

அடுத்த தெருவுல புருஷனோட அண்ணன் வீடு. ஓட்டு வீடு, குதிரு நெறைய நெல்லு. அண்ணன் பொண்டாட்டி தங்கபுஷ்பம். பேருல மட்டும்தான் தங்கம். முதல் மழை விழுந்த அன்னிக்கே குடையப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா.

"ஏட்டி சுடலி, அடுப்பு அணைஞ்சா எங்கிட்ட வா. அரிசி தாரேன். ஆனா பேச்சிய எங்க வீட்டுல விட்டுரணும். தொழுவத்துல சாணி அள்ள ஆளில்ல."

"அவ பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கா."

"பசிச்சா பள்ளிக்கூடமாவது ஒண்ணாவது! வருவ, வருவ."

கூடப் பொறந்தவன் காலு புண்ணாகிக் கெடக்கான், எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல பாத்தியா? சுடலிக்கு அது முள்ளு மாதிரி தச்சுது. என் பிள்ளைய அவ தொழுவத்துக்கு அனுப்பவா? செத்தாலும் மாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

அப்புறம் என்ன செஞ்சா? உலையில அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடிய எடுத்துத் தனிக் கலயத்துல போட்டா. கொறஞ்சதுக்கு முருங்கைக்கீரைய உருவிப் போட்டா. கொதகொதன்னு கஞ்சி கொதிச்சுது. பேச்சி சர்ரு சர்ருன்னு உறிஞ்சிக் குடிச்சா. அரிசிப் பானை காலியானதும் கலயத்து அரிசி வந்துச்சு. தங்கபுஷ்பம் எட்டிப் பாத்தா. அடுப்பு எரியுது. மொகம் சுண்டிப் போயிட்டா.

ம்?

ம்.

அப்புறம் கலயமும் காலி. ஆனா சுடலி ஒரு வேலை செஞ்சு வச்சிருந்தா. ஆவணியில ஊரே பனம்பழத்தச் சுட்டுச் சூப்பிட்டுக் கொட்டைய வீசும்ல? அவ அதையெல்லாம் பொறுக்கி, கொல்லையில மணலைக் குமிச்சுப் பாத்தி கட்டிப் புதைச்சிருந்தா. தையில அது பனங்கெழங்கா வெளையும். பசி யாரப் பொறுக்க விட்டுது? மம்பட்டிய எடுத்தா. சதக், சதக்! பாத்தா கெழங்கே இல்ல, நூலு மாதிரி வேருதான் தொங்குது.

வேலிக்கு அந்தாண்ட தங்கபுஷ்பம் சிரிச்சா. "கார்த்திகையில கெழங்கு தோண்டுற மகராசி! பேச்சி துணிய எடுத்து வையி."

சுடலிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழல. கொட்டைய அரிவாள்ல வச்சு ஒரே போடு. டொக்! உள்ள வெள்ளை வெளேர்னு தவுணு. பஞ்சு மாதிரி, இனிப்பா. பேச்சி தின்னா, தின்னா, "இன்னும் வெட்டும்மா"ங்கா. தோண்டின கொட்டைய மட்டும் வெட்டிட்டு, மிச்சப் பாத்திய, தைக்குக் கெழங்காகட்டும்னு மணலப் போட்டு மூடிட்டா சுடலி. வெட்டின கொட்டையோட ஓடுகளையும் வீசல. கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சா.

தூங்கிட்டியா? இனிமேதான் பெரிய கஷ்டம்.

அப்போ வந்துச்சு பாரு ஒரு புயல் மழை! உய்யின்னு காத்து. விறகு நனைஞ்சுது. முருங்கை மடார்னு முறிஞ்சு விழுந்துச்சு. விடிஞ்சா திங்க ஒண்ணுமில்ல. புருஷன் மெதுவாச் சொன்னான், "சுடலி, பிள்ளையாவது வயிறாரத் திங்கட்டும். அண்ணி வீட்டுக்கு அனுப்பிரு."

"வாய மூடிட்டுப் படுங்க"ன்னுட்டு, பழைய கூடையத் தூக்கிக்கிட்டு உப்பளத்துக்கு ஓடினா. கடலும் உப்பளமும் ஒண்ணாக் கெடக்கு. உப்பு வெளையுற பாத்தியில சளக், புளக்னு என்னமோ துள்ளுது. என்ன தெரியுமா? மடவை மீனு! கடல் தண்ணியோட ஏறி வந்துட்டு, திரும்பிப் போக வழி தெரியாம நிக்கி. மடைய அடைச்சா, கூடைய அமுக்கினா. கூடை நெறைஞ்சு போச்சு.

அடுப்புக்கு? கட்டிலுக்கு அடியில காய்ஞ்ச பனங்கொட்டை ஓடு இருக்கே! படபடன்னு பத்திக்கிச்சு. மீனு சொய்ங்னு வெந்துது.

அந்நேரம் தங்கபுஷ்பம் விறுவிறுன்னு வந்து பேச்சி கையப் பிடிச்சா. "இந்த மழையில என்னத்தப் பொங்கியிருக்கப் போறா உங்கம்மா? நட, போவோம்."

பேச்சி கைய வெடுக்குனு உருவினா. "நான் வரல பெரியம்மா. எனக்கு மீனு ஆறிரும்."

சுடலி கதவுல நின்னு சொன்னா, "கேட்டியாக்கா? எம் பிள்ளை எங்க வீட்டுச் சோறு திங்கா. நீ உன் தொழுவத்துக்கு வேற ஆளப் பாரு."

தங்கபுஷ்பம் தொப்புத் தொப்புன்னு சேத்துல மிதிச்சுக்கிட்டே போயிட்டா.

அப்புறம் தை வந்துச்சு. மிச்சப் பாத்தியத் தோண்டினா, ஒவ்வொண்ணும் முழங்கை நீளத்துக்குக் கெழங்கு! கட்டுக் கட்டாச் சந்தைக்குக் கொண்டுபோயி, அரிசியும் பருப்புமாத் திரும்பினா. வெயிலும் ஏறிச்சு. புருஷன் கால ஊனி நடந்து அளத்துக்குப் போனான். பேச்சி பையத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா, தங்கபுஷ்பம் வாசல் வழியாவே.

ரெண்டு பேரும் பொறவு ராசியாயிட்டாங்களான்னு கேக்கியா? ஆகல. எதுக்கு ஆகணும்? சுடலி அந்த வீட்டுப் படிய அதுக்கப்புறம் மிதிக்கவே இல்ல. நல்லாத்தான் இருந்தா, வயிறு நெறைய.

கதை உப்பளத்துக்குப் போயிருச்சு. நீ தூக்கத்துக்குப் போ.