பாகில் கரைந்த வால்பேரி

கொடைக்கானல் மலையில் பேரிக்காய் பறிக்கும் காலம். தயாபரி அம்மாவின் ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் பல ரகமும் கலந்து மூன்று கூடை அனுப்பியிருந்தார்.

குரு என்றால் வெள்ளைத் தாடியோடு இருப்பார் என்று எண்ணி வருபவர்கள் அம்மாவைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். அவருக்கு வயது நாற்பதுதான். சீடர் குழந்தைவேலுவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் பச்சைக்கொடி காட்டி ஊர் உலகத்தையெல்லாம் அனுப்பிவைத்த மனிதர், தன் மனைவி சௌந்தரத்தை மட்டும் வழியனுப்பவில்லை. அவள் கண்ணை மூடிய அன்று அவர் வண்டியில் இருந்தார்.

ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அவரிடம் இருந்தது ஒரே கேள்வி.

"அம்மா, நன்றி சொல்ல வேண்டியவ போயிட்டா. இனி அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அம்மா கூடைகளைக் காட்டினார்.

"எல்லாம் கலந்து கிடக்குது ஐயா. அப்படியே தின்கிறது, அடுப்புல சுடுறது, பாகுல போட்டு வைக்கிறது. மூணாப் பிரிச்சுக் குடுங்க."

குழந்தைவேலு எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒவ்வொன்றையும் முகர்ந்தார், அழுத்தினார், யோசித்தார். உச்சிவேளைக்கு மூன்று குவியல் தயார்.

"நல்லா மணக்குற இந்த வால்பேரி ரகம் பூராவும் பாகுக்கு. செம்பழுப்பா இருக்கிறது சுடுறதுக்கு. இந்தக் கல்லு மாதிரி கிடக்கிறது இன்னிக்குத் தின்ன."

"ஏன் அப்படி?"

"உசத்தியானதை யாராவது அவசரப்பட்டுத் தின்னு தீர்ப்பாங்களா? பத்திரமா இருக்கட்டும். ஒரு நல்ல நாளா பார்த்து எடுத்துக்கலாம்."

முற்றத்து அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு வால்பேரியைத் தோல் சீவி அதில் போட்டார். கெட்டியான காய் ஒன்றை எடுத்துக் குழந்தைவேலுவின் கையில் கொடுத்தார்.

"அதுவரைக்கும் நீங்க இதைத் தின்னுட்டிருங்க."

குழந்தைவேலு கடித்தார். கடைவாய்ப் பல் ஆடியதுதான் மிச்சம். ஒரு பக்கத்தைப் பிய்த்து முடிப்பதற்குள் பாகுச் சட்டியில் கிடந்த வால்பேரி கூழாகிவிட்டது.

"ஐயோ, கரைஞ்சு போச்சே!"

"அது இன்னிக்கே தின்ன வேண்டியது ஐயா. உங்க பல்லைப் பதம் பார்க்குதே, அதுதான் பாகுல ஊறி ஒரு வருஷம் தாங்கும்."

குழந்தைவேலு கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"நானும் அப்படித்தாம்மா வச்சிருந்தேன். எந்த நேரத்து வண்டியா இருந்தாலும் எழுந்து, சூடா டிபன் கேரியர் கட்டிக் குடுப்பா. ரிட்டையர் ஆகுற அன்னிக்கு, மாலையும் கழுத்துமா, நாலு பேர் முன்னால அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு இருந்தேன். இன்னும் நாற்பது நாள்தான் இருந்துச்சு."

அம்மா அவரை அழவிட்டார். பிறகு, இருந்ததிலேயே நன்றாகப் பழுத்த வால்பேரி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணு மாசமா உங்களுக்குச் சமைச்சுப் போடுறாங்களே, அவங்க பேரு என்ன?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. தெரிந்தால்தானே வரும்!

எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க பேரு என்னம்மா?"

"செங்கமலமுங்க. ஏன், குழம்புல உப்புக் கூடிப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல. வந்த புதுசுல எனக்குச் சோறே இறங்கல. உங்க மிளகு ரசம்தான் என்னைத் தூக்கி உட்கார வச்சுது. பேரு கூடக் கேக்காம இத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன். ரொம்ப நன்றிம்மா."

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் நீட்டிய பழத்தை வாங்கி அங்கேயே கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. அவள் தின்று முடிக்கும்வரை குழந்தைவேலு பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

முற்றத்துக்குத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டேன்மா."

"சந்தோஷம் ஐயா."

அவர் அடுப்போரம் உட்கார்ந்தார்.

"அது சௌந்தரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?"

அம்மா கெட்டிப் பேரி ஒன்றைத் தோல் சீவத் தொடங்கினார்.

"செங்கமலத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு ஐயா."