பட்டமான கடம்பனும் முன்னடி வச்ச பொன்னரும்பும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கடல்ல போட்ட உப்பு இன்னும் சரியாக் கரையாத காலம்னு வச்சுக்குங்க, திரைக்கரைனு ஒரு ராச்சியம் இருந்துச்சு. ராச்சியம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு ராசா, நாலு யானை, ஒரே ஒரு தெரு. தெரு தொடங்குற இடத்துல கடல், முடியுற இடத்துல உப்பளம். அவ்வளவுதான் ராச்சியம்.

அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு, இழுக்கறது. வலையைக் கடல்ல வளைச்சு விட்டுட்டு, கயித்தை இடுப்புல மாட்டிக்கிட்டு, கரையில நின்னு பின்னாடியே நடந்து இழுப்பாங்க. ஒரு அடி பின்னால, இன்னொரு அடி பின்னால. தவறிப்போய் ஒருத்தன் ஒரு அடி முன்னால வச்சான்னா தொலைஞ்சான். "முன்னடி வச்சுட்டான், முன்னடி வச்சுட்டான்"னு கரையே சிரிக்கும். அன்னைக்கு மீன்ல அவனுக்குப் பங்கு கிடையாது. அப்படியொரு வீம்பு புடிச்ச ஊரு.

வீம்பு கரையோட நின்னுச்சா? வீட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துருச்சு. புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஒரு பேச்சு வந்தா ஆளுக்கொரு மூலை. யார் முதல்ல எந்திரிச்சு வர்றதுங்கறதுதான் சண்டை. எதுக்கு ஆரம்பிச்சோம்னே மறந்து போயிருக்கும்.

கடம்பனும் பொன்னரும்பும் அப்படித்தான் மூணு நாளாப் பேச்சில்லாம இருந்தாங்க. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல. குழம்புல புளி தூக்கலா இருக்குன்னு அவன் சொன்னான். "அப்ப நீங்களே வச்சுக் குடிங்க"ன்னு அவ சொன்னா. முடிஞ்சுது. இவ வந்து பேசட்டும்னு அவன் இருந்தான். அவர் வந்து பேசட்டும்னு இவ இருந்தா. ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல, அது ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பேசல.

அந்த நேரத்துல ஊருக்கு ஒரு ஆள் வந்தாரு. ஒல்லியா, புழுதி படிஞ்ச தாடியோட, தோள்ல ஒரு கிழிஞ்ச பை. இழுவைக்குத் தலைவனா இருந்த பேயாண்டிகிட்டப் போய் நின்னாரு.

"நானும் ஒரு கை புடிக்கிறேன். எனக்கும் ஒரு பங்கு மீன் குடுப்பீங்களா?"

"புடிங்க பெரியவரே. முன்னடி மட்டும் வச்சிராதீங்க."

பாவம், பசி மயக்கம். வலை கரைக்கு வர்ற நேரமாப் பாத்து அவருக்குக் கால் தடுமாறி ஒரு அடி முன்னால விழுந்துருச்சு. அவ்வளவுதான், கரையே சிரிச்சுது. எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சவன் கடம்பன். வீட்ல பேச்சில்லாதவன் வெளியில கொஞ்சம் கூடுதலாத்தான் சிரிப்பான்.

"ரெண்டு மீனாச்சும் குடுங்கய்யா"ன்னாரு அவரு.

"வளையில நண்டு இருக்கு, புடிச்சுத் தின்னுங்க"ன்னான் கடம்பன்.

அந்த ஆள் நிமிர்ந்து பாத்தாரு. "என் பேரு சூறையன். காத்தைக் கட்டி மேய்க்கிறவன். உங்க ஊர்ல இழுத்தா எல்லாம் வந்துருமில்ல? அப்ப இவனையும் இழுத்துக்குங்க."

சொல்லிட்டு மூணு தடவை ஊதினாரு. முதல் ஊதலுக்குக் கடம்பனோட கையும் காலும் மூங்கிலா நீண்டுச்சு. ரெண்டாவது ஊதலுக்கு உடம்பு கப்பல் பாய் மாதிரி விரிஞ்சுது. மூணாவது ஊதலுக்குத் தொண்டை ஒரு வில்லா வளைஞ்சு, நாண் ஏறி, காத்துல "ம்ம்ம்"னு பாட ஆரம்பிச்சுது. ஆள் இருந்த இடத்துல ஒரு பெரிய பட்டம். நாலு வீட்டுக் கூரையைச் சேத்து வச்ச அளவு. இடுப்புல மாட்டியிருந்த இழுவைக் கயிறோட அது மேல போச்சு. நல்லவேளை, கயித்தோட மறுமுனையை யாரோ ஓடிப்போய்ப் படகு கட்டுற கல்தூண்ல கட்டிப்புட்டாங்க.

"அவன் கிழியாம, முறியாம, முகம் மண்ணுல மோதாமத் தரைக்கு வந்தா மனுஷன்"னாரு சூறையன். "கயிறு அறுந்தாலோ, கிழிஞ்சாலோ, போனவன் போனவன்தான். கடல்லேருந்து வாடைக்காத்து வீசுற வரைக்கும் ஊருக்கு மேல நிப்பான். காத்து திரும்பி நிலத்துலேருந்து கரைக்காத்து அடிச்சுச்சுன்னா கடலுக்கு மேல போயிருவான். அங்க போய் யாரும் அவனைப் புடிக்க முடியாது." இதைச் சொல்லிட்டு உப்பளத்துக்கு அப்பால இருந்த மணல்மேட்டைப் பாத்து அவர் பாட்டுக்கு நடந்துட்டாரு.

ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? இழுத்தாங்க. இழுக்க இழுக்க அது இழுத்துச்சு. பேயாண்டி வேகத்துல கயித்தைக் கையில சுத்திக்கிட்டு இழுத்தான். பட்டம் ஒரு வெட்டு வெட்டுச்சு பாருங்க, உள்ளங்கைத் தோல் உரிஞ்சு கயித்தோட போயிருச்சு. மூணு புரி போட்ட கயித்துல ஒரு புரி தெறிச்சுது.

ராசா வந்தாரு. நாலு யானையைக் கட்டினாரு. யானைங்க இழுத்துச்சு. இழுக்க இழுக்க அது இழுத்துச்சு. மேல வில்லு அழுவுற மாதிரி சத்தம் போட்டுச்சு. இன்னொரு புரி தெறிச்சுது.

மூணாந்தடவை இழுக்க ராசா கையைத் தூக்கினப்ப, பொன்னரும்பு யானைங்களுக்கு நடுவுல போய் நின்னா. "இன்னும் ஒரு புரிதாங்க இருக்கு. இழுத்தீங்கன்னா அவர் போயிருவாரு. வேணாங்க."

ராசா கயித்தைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு, யானையை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. மத்தவங்களும் போயிட்டாங்க. கல்தூண், கயிறு, பொன்னரும்பு. இதுதான் மிச்சம்.

முதல்ல ஊர்க்காரங்க அந்த "ம்ம்ம்" கேக்காம இருக்கக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டாங்க. அப்புறம் பஞ்சு தேவைப்படல. பழகிப்போச்சு. தலைக்கு மேல ஒரு மனுஷன் முனகிக்கிட்டே இருக்கான், கீழ கருவாட்டுக்குப் பேரம் நடக்குது. யாரும் அண்ணாந்து பாக்கறதில்ல. பொன்னரும்பையும் யாரும் பாக்கறதில்ல. பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியல, அதனால வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போனாங்க.

அவ தூண்கிட்டயே உக்காந்திருப்பா. கயித்து மேல கை வச்சா அந்த முனகல் கைக்கு வரும். "சாப்பிட்டீங்களா"ன்னு கேப்பா. கயிறு அதிரும். அது பதிலா, வெறும் காத்தான்னு அவளுக்குத் தெரியாது. தினமும் ரெண்டு பேருக்குச் சோறு வடிப்பா. குழம்புல புளியைக் குறைச்சு வைப்பா. யார் சாப்பிடறதுக்கு? சொல்லுங்க பாப்போம்.

சாயங்காலம் ஒரு நேரம் வரும். அப்ப பட்டத்தோட நிழல் தெருவுல ஊர்ந்து வந்து அவங்க வீட்டு வாசல்ல விழும். அடுப்புல என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடிப்போய் அந்த நிழலுக்குள்ள உக்காந்துக்குவா. கொஞ்ச நேரந்தான், அப்புறம் நிழல் அடுத்த வீட்டுக்குப் போயிரும். அவன் வீட்டுக்கு வந்துட்டுப் போறதா அவ அதை வச்சுக்கிட்டா. போகட்டும்.

அப்படி ஒரு சாயங்காலம், காத்து கொஞ்சம் விழுந்துச்சு. கயிறு தொய்ஞ்சு, நடுத்தெருவுல இருந்த உடைமரத்து முள்ளுல போய்ச் சிக்கிக்கிச்சு. முள்ளுல உரசினா மிச்சமிருக்கிற புரியும் போயிரும். அவ பதறி ஓடி, முள்ளை விலக்கி, கயித்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மரத்தைத் தாண்டி நாலு எட்டு முன்னால வந்தா. சும்மா அண்ணாந்து பாத்தா.

பட்டம் இறங்கியிருந்துச்சு. முகம் தெரிஞ்சுது. பாய்த் துணியில கண்ணு, மூக்கு, மோவாய்ல இருக்கிற வெட்டுத் தழும்பு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த முகத்தைப் பாக்கறா. திகைச்சுப்போய்க் கையை விட்டுட்டா. கயிறு எகிற, பட்டம் திரும்ப மேல போயிருச்சு.

அங்கேயே உக்காந்து யோசிச்சா. 'இழுத்தா ஏறுறாரு. நான் போனா இறங்குறாரு.' இவ்வளவு நாளும் இது யாருக்கும் தோணல பாருங்க. எப்படித் தோணும்? அந்த ஊர்ல முன்னால கால் வச்சவன் யாரு இருக்கான்?

மறுநாள் மத்தியானம் காத்துல மாம்பூ வாசம் வந்துச்சு. கடல்காத்துல மாம்பூ எங்கேருந்து வரும்? கரைக்காத்து கிளம்புதுன்னு அர்த்தம். இன்னைக்கு விட்டா அவன் கடலுக்கு மேல.

பொன்னரும்பு தூண்ல போட்டிருந்த முடிச்சை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இறுக்கிப் பாத்தா. உள்ளங்கையில பழைய சாக்குத் துணியைச் சுத்திக்கிட்டா. பேயாண்டி கை ஞாபகம் வந்துச்சு. 'கயித்தைக் கையில சுத்தக்கூடாது, அமுக்கத்தான் செய்யணும்'னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. கயித்தைக் கக்கத்துக்குக் கீழ அமுக்கிக்கிட்டு, பட்டத்தைப் பாத்து ஒரு அடி வைக்கப் போனா. கால் வரல. பரம்பரையாப் பின்னாடியே நடந்த காலு. "வா"ன்னு காலைத் திட்டினா. வந்துச்சு.

காத்து வந்தா நின்னா. காத்து விழுந்தா நடந்தா. ஒவ்வொரு அடிக்கும் பட்டம் ஒரு முழம் இறங்குச்சு. தெருவுல கதவெல்லாம் திறந்துச்சு. "பாருங்கடி, முன்னடி வைக்கிறா"ன்னு ஒருத்தி சொன்னா. யாரோ சிரிச்சாங்க. அவளுக்குக் காது எரிஞ்சுது, கண்ணுல தண்ணி வந்துச்சு. துடைக்கக் கை இல்ல.

காத்து வந்தா நின்னா. காத்து விழுந்தா நடந்தா. உடைமரத்தைத் தாண்டினப்ப ஒரு பெரிய காத்து வந்துச்சு. இவ காலைத் தரையை விட்டுத் தூக்கிருச்சு. கயித்துல தொங்குறா. பின்னால தூண்கிட்ட ஒத்தைப் புரி நெறநெறங்குது. விட்டா அவ பிழைச்சுக்குவா. அவ விடல. உதவிக்கு யாரையும் கூப்பிடவும் இல்ல. கூப்பிட்டு யார் வந்தாங்க இத்தனை நாள்ல?

பேயாண்டி அவன் வீட்டு வாசல்ல உக்காந்திருந்தான். தோல் உரிஞ்ச கையை மடியில வச்சுக்கிட்டு இதைப் பாத்தான். எந்திரிச்சான். ஊரே பாக்க ஒரு அடி முன்னால வச்சான், இன்னொரு அடி வச்சான், அவளுக்குப் பின்னால வந்து கயித்து மேல உடம்பைச் சாச்சு அமுக்கினான். அவ கால் தரைக்கு வந்துச்சு.

"கையில சுத்தாதீங்க மாமா."

"இனிமே சுத்துவேனா? நட ஆத்தா. நீ இறக்குன கயித்தை நான் மேல போக விடமாட்டேன்."

அப்புறம் இன்னொருத்தன் வந்தான். சிரிச்சவளும் வந்தா. அவ இறக்கின கயித்தை ஒவ்வொருத்தரா அமுக்கிப் புடிச்சுக்க, அவ முன்னால போனா. காத்து வந்தா ஊரே நின்னுச்சு. காத்து விழுந்தா ஊரே நடந்துச்சு. ஊரே முன்னடி வச்சா யாரைப் பாத்து யாரு சிரிக்கிறது?

உப்பளத்துக்கு வந்தாச்சு. பட்டம் தலைக்கு மேல ஒரு ஆள் உயரத்துல நின்னு இங்கயும் அங்கயும் துள்ளுது. "எல்லாரும் அங்கேயே நில்லுங்க, நான் மட்டும் போறேன்"னா பொன்னரும்பு. நேரா எதிர்ல போகல. ஓரமாப் போனா. பட்டமும் கயித்தோட ஓரத்துக்குச் சாஞ்சதும் காத்துக்குப் பிடி கிடைக்கல, துள்ளல் அடங்குச்சு. கையை நீட்டி வில்லைத் தொட்டா. முனகல் அவ உள்ளங்கைக்குள்ள நின்னு போச்சு. தூங்குற புள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி பிடரியைத் தாங்கி மல்லாக்கப் படுக்க வச்சா. காத்து திரும்பத் தூக்கிறாம நெஞ்சு மேல மண்ணை அள்ளி அள்ளிப் போட்டா.

கரைக்காத்து வந்துச்சு, மண்ணைத் தொட்டுட்டுப் போச்சு. பட்டம் அசையல. பட்டமே இல்லையே. நெஞ்சு நிறைய மண்ணோட கடம்பன் படுத்திருந்தான்.

"புளி கம்மியாத்தான் வச்சிருக்கேன்"னா அவ.

அவன் அழுதான். "அன்னைக்கே நான் வந்து பேசியிருக்கணும் புள்ள. ராத்திரி பூரா வரணும் வரணும்னுதான் படுத்திருந்தேன்."

"நானுந்தாங்க."

அப்புறம் கடம்பன் எந்திரிச்சு மணல்மேட்டைப் பாத்தான். அங்க சூறையன் தனியா உக்காந்திருந்தாரு.

"மேல இருந்து தினமும் அவரைப் பாப்பேன்"ன்னான். "நான் அங்க தனியா, அவர் இங்க தனியா. அவர்கிட்ட ஒருத்தரும் போகல. வீட்ல சோறு இருக்கா?"

"ரெண்டு பேருக்கு இருக்கு."

வீட்டுக்குப் போய்ச் சோத்தையும் குழம்பையும் சட்டியில எடுத்துக்கிட்டுக் கடம்பன் மணல்மேட்டுக்கு நடந்தான். ஊர் பாத்துக்கிட்டு நின்னுச்சு. சட்டியைச் சூறையன் முன்னால வச்சான்.

"சாபம் குடுத்தவனுக்குச் சோறா?"

"உங்க பங்குங்க. அன்னைக்கே குடுத்திருக்கணும்."

சூறையன் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாரு. மென்னாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாரு, "எல்லாம் நல்லாயிருக்கு. புளிதான் கொஞ்சம் பத்தல."

கடம்பன் திரும்பிப் பொன்னரும்பைப் பாத்தான். அவ சிரிச்சுக்கிட்டே அவனைப் பாத்து நடந்து வந்துக்கிட்டிருந்தா.

அதுலேருந்து திரைக்கரையில வலை கரை ஏறினா, முன்னடி வச்சவனுக்குத்தான் முதல் பங்கு. கதையை இறக்கியாச்சு, கயித்தையும் சுருட்டி வச்சாச்சு. போய்ச் சாப்பிடுங்க.